யாருக்குத் தண்டனை? பதிவேடு சொல்லட்டும்

பிள்ளைகளை அடிப்பதைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தச் சட்டமூலம் 2025இல் முன்வைக்கப்பட்டதிலிருந்து யாழ்ப்பாணத்தில் கதை ஒரே இடத்தில் நிற்கிறது: அடிக்கலாமா, கூடாதா? அதைவிடப் பழைய கேள்வியொன்று இந்தச் சத்தத்தில் அமுங்கிப் போகிறது. ஒரே குழப்படிக்கு ஒரு பிள்ளை ஏச்சோடு தப்புகிறது, இன்னொரு பிள்ளை விடுகைப் பத்திரத்தோடு வீட்டுக்குப் போகிறது. ஏன்? பிள்ளை எந்த ஒழுங்கையிலிருந்து வருகிறது, தகப்பன் என்ன தொழில், குடும்பம் என்ன சாதி என்பவையும் அந்த முடிவில் பங்கெடுக்கின்றன. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளையைத் தண்டிக்கும் உரிமையைத் தொடாமல் விட்டது. கல்வி அமைச்சு 2005/17 இலக்கச் சுற்றுநிருபத்தின் மூலம் பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்தது. ஒழுக்கத்தைப் பேணுவது பற்றி 2016/12 இலக்கச் சுற்றுநிருபம் வந்தது. ஆசிரியர் அறைந்ததில் செவிப்புலன் பாதிக்கப்பட்ட தென்னிலங்கை மாணவன் ஒருவனின் வழக்கில், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. சித்திரவதையிலிருந்தும் இழிவான நடத்துகையிலிருந்தும் மனிதரைக் காக்கும் உறுப்புரை அது.

ஆக, இருபது வருடங்களாகவே கம்பு தூக்குவதற்கு அனுமதி இல்லை. புதிய சட்டம் அந்தத் தடைக்குப் பல் கொடுக்கும். அதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் அடி நின்றவுடன் நீதி வந்துவிடும் என்று நம்ப எனக்கு வழியில்லை.

கம்பு இல்லாத தண்டனைகள்

ஒரு பாடசாலை பிள்ளையைத் தண்டிக்கும் வழிகளை எண்ணிப் பாருங்கள். காலைப் பிரார்த்தனையில் எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லி நிறுத்துவது, வெயிலில் முழங்காலில் விடுவது, வகுப்புக்கு வெளியே நாள் முழுக்க நிற்கவைப்பது, தலைமயிரைக் கத்தரிப்பது, மலசலகூடம் கழுவச் சொல்வது, விளையாட்டு அணியிலிருந்து நீக்குவது, 'தாய் தகப்பனோடு வந்தால்தான் உள்ளே விடுவேன்' என்று படலையில் மறிப்பது, நற்சான்றிதழில் ஒரு சொல்லைக் குறைப்பது, கடைசியாக 'வேறு பள்ளிக்கூடம் பாருங்கோ' என்று விடுகைப் பத்திரத்தை நீட்டுவது.

இவற்றில் ஒன்றுக்கும் கம்பு தேவையில்லை, தழும்பும் இருக்காது, வைத்தியரின் அறிக்கையும் இருக்காது. பாகுபாடு மிக இலகுவாக ஒளிந்துகொள்வது இங்கேதான். அடி வாங்கிய பிள்ளையாவது முதுகைக் காட்டி நியாயம் கேட்கலாம்.

பெற்றோரை அழைப்பதையே எடுத்துக்கொள்வோம். பார்வைக்கு இது தண்டனையே அல்ல, நல்ல நடைமுறை. வங்கியிலோ கச்சேரியிலோ வேலை செய்யும் தகப்பன் அரைநாள் லீவு எடுத்து, மோட்டார் சைக்கிளில் வந்து, அதிபரின் முன் கதிரையில் இருந்து பேசுவார். அவர் அந்தப் பாடசாலையின் பழைய மாணவராகக்கூட இருப்பார். கதை பத்து நிமிடத்தில் சுமுகமாக முடியும்.

சீவல் தொழிலாளிக்கோ, மேசனோடு கையாளாகப் போகிறவருக்கோ, வீட்டு வேலைக்குப் போகும் தாய்க்கோ காலை எட்டு மணிக்கு வா என்றால் அன்றைய கூலி போச்சு. வந்தாலும் அலுவலக வாசலில் நிற்கவேண்டும். அதிபர் கூட்டத்தில் இருந்தால் நாளைக்கும் வரவேண்டும். கூலியை இழக்க முடியாத தாய் வராமல் விட்டால் பிள்ளை வீட்டில் நிற்கும். இரண்டு நாள் ஒரு கிழமையாகும், ஒரு கிழமை ஒரு மாதமாகும். இடாப்பில் அது 'வரவில்லை' என்று பதிவாகுமே தவிர, 'நாங்கள் உள்ளே விடவில்லை' என்று பதிவாகாது. இடைவிலகல் பற்றிய கூட்டங்களில் பிறகு இந்தப் பிள்ளைக்குப் 'பெற்றோரின் அக்கறையின்மை' என்று காரணம் எழுதப்படும். ஒரே விதி, இரண்டு குடும்பங்களுக்கு இரண்டு தண்டனைகள்.

விடுகைப் பத்திரம் இதைவிடப் பாரதூரமானது. இலங்கையில் கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. பதினாலு வயதுப் பிள்ளையைப் பாடசாலையை விட்டுத் துரத்த எவருக்கும் அதிகாரம் இல்லை. அதனால் துரத்துவது துரத்துவதாக நடப்பதில்லை. பெற்றோரே கேட்டு வாங்கியதாகக் கடிதம் எழுதப்படும். எழுதத் தயங்கும் தாய்க்கு யாராவது எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். செல்வாக்குள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இப்படி ஒரு கடிதம் எழுதப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நல்லூர் மறக்கக் கூடாத வரலாறு

'இதெல்லாம் கறுப்பர், வெள்ளையர் என்று பிரிந்து கிடக்கும் நாடுகளின் பிரச்சினை, எங்களுக்கு ஏன்?' என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களின் வரலாற்றைத் திரும்பிப் பார்க்கவேண்டும்.

நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். தமிழ்க் கல்விக்கும் அச்சுக்கும் உரைநடைக்கும் அவர் செய்தது பெரிது. அதே நாவலர் சாதி ஒழுங்கைக் கேள்விக்கு உட்படுத்தியவர் அல்லர். அவர் வழியில் வளர்ந்த கல்வி மரபு ஒடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு வாசலைத் திறக்க வெகுகாலம் எடுத்தது. மிஷன் பாடசாலைகளில் கதவு சற்று முந்தித் திறந்தாலும், உள்ளே அந்தப் பிள்ளைகள் நிலத்திலோ புறம்பான இடத்திலோதான் இருக்கவேண்டியிருந்தது.

1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸாக வளர்ந்த அமைப்பு, ஹண்டி பேரின்பநாயகம் போன்றோரின் முன்னிற்பில் இந்த வழக்கத்தை எதிர்த்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் சொந்த அமைப்புகளும் 1920களில் எழுந்து நின்று கேட்டன. கோரிக்கைக்கு ஊரில் வழங்கிய பெயர் சம ஆசனம், சம போசனம்: பக்கத்தில் இருந்து படிப்பது, பக்கத்தில் இருந்து சாப்பிடுவது. அரச உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வேண்டுமென்று அரசு பணித்தபோது, அதை மீளப் பெறும்படி உயர்சாதிப் பிரமுகர்கள் மனுப் போட்டார்கள். 1930ஐ ஒட்டிய அந்த ஆண்டுகளில், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்த பள்ளிக்கூடங்கள் சில எரிக்கப்பட்டன. ஒரு பிள்ளை வாங்கில் இருந்ததற்காகப் பள்ளிக்கூடத்துக்கே நெருப்பு வைத்த சமூகம் நாங்கள். இதை எங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகம் சொல்லித் தருவதில்லை.

வாசல் மூடப்பட்டவர்கள் காத்திருக்கவில்லை. வடமராட்சியில் சூரன் என்ற பெரியவர் 1914இல் தம் மக்களுக்காகத் தேவரையாளியில் ஒரு சைவ வித்தியாசாலையைத் தொடங்கினார். இன்று அது தேவரையாளி இந்துக் கல்லூரி. பின்னர் சிறுபான்மைத் தமிழர் மகாசபையும் அதன் முன்னோடியான எம்.சி. சுப்பிரமணியமும் ஒடுக்கப்பட்ட கிராமங்களில் பாடசாலைகள் அமைய அயராது உழைத்தார்கள். 1957இல் வந்த சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதியைக் காட்டிப் பாடசாலையில் சேர்க்க மறுப்பதைக் குற்றமாக்கியது. 1971இல் அதன் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன.

வாசல் திறந்தது. வகுப்பறைக்குள் நடந்ததை அறிய டொமினிக் ஜீவாவின் வாழ்க்கை போதும். யாழ்ப்பாணத்தில் சவரத் தொழிலாளர் குடும்பத்தில் 1927இல் பிறந்து, 'மல்லிகை' இதழைப் பல்லாண்டு காலம் தனியாளாகச் சுமந்த அந்த மனிதர், ஆசிரியர் ஒருவர் குலத்தொழிலைச் சொல்லி இழிவாக ஏசியதால் சிறுவயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர். தன் வரலாற்றில் அதைப் பதிந்தும் வைத்தார். அன்றைய பாடசாலையின் கண்ணில் அது தண்டனையாகக்கூடப் பட்டிருக்காது. ஒரு ஏச்சு, அவ்வளவுதான். அந்த ஏச்சோடு ஒரு பிள்ளையின் படிப்பு முடிந்தது. ஜீவா எழுத்தாளரானதால் அந்தச் சம்பவம் எங்களுக்குத் தெரிகிறது. எழுதாமலே போன பிள்ளைகள் எத்தனை பேர்?

'இப்ப ஆர் சாதி பார்க்கினம்?'

இந்தக் கேள்வியை நல்லெண்ணத்தோடு கேட்பவர்களும் உண்டு. முப்பது வருடப் போர் எல்லோரையும் ஒரே பங்கருக்குள் இருத்தியது, விடுதலைப் புலிகள் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகக் காட்ட விடவில்லை, இடப்பெயர்வு ஊர்களைக் கலந்துவிட்டது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அடங்கியது பேச்சுத்தான். 2018இல் தென்மராட்சியின் வரணியில், ஒடுக்கப்பட்ட மக்கள் வடம் பிடிக்கக் கூடாதென்று கோயில் தேரை மண் அள்ளும் இயந்திரத்தால் இழுத்த செய்தி நாடு முழுக்கப் போனது. போர் முடிந்து ஒன்பது வருடங்களின் பின் நடந்த விசயம் இது. வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு, போர் முடிந்து பல வருடங்கள் கடந்தும் நலன்புரி முகாம்களில் மிஞ்சிக் கிடந்தவர்களில் மிகப் பலர் சொந்தக் காணி இல்லாத ஒடுக்கப்பட்ட குடும்பத்தினர். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்றும் 'தோட்டக்காட்டான்' என்ற பட்டம் வகுப்பறையில் விழுகிறது.

பாடசாலைகளும் தாமாகவே பிரிந்துகொண்டிருக்கின்றன. ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் தொகை கூடினால் மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பட்டணத்துப் பெரிய பாடசாலைக்கு மாற்றுகிறார்கள். நல்லூர், திருநெல்வேலி, கொக்குவில், அரியாலைப் பக்கங்களில் பட்டணம் சைக்கிள் ஓடும் தூரம் என்பதால் இது இன்னும் இலகு. மிஞ்சும் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ஊரில் ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெயரோடு பெரிய பாடசாலைக்கு வரும் பிள்ளை, முதல்நாளே சந்தேகப் பட்டியலோடு வகுப்புக்குள் நுழைகிறது.

இந்தச் சந்தேகம் அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறது. மாவா, ஐஸ் போன்ற போதைப்பொருட்கள் பற்றிய பயம், வாள்வெட்டுக் குழுக்கள் பற்றிய பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. எனக்கும் உண்டு. புத்தகப்பையைச் சோதிப்பது தேவைப்படும் நாளும் வரலாம். சோதித்தால் வகுப்பு முழுவதையும் சோதிக்கவேண்டும். குறிப்பிட்ட சில கிராமத்துப் பெடியள் மட்டும் எழும்பி நிற்பதும், காசு காணாமல் போனால் முதலில் அவர்களின் பைகள் கொட்டப்படுவதும், தலைமயிர் கொஞ்சம் வளர்ந்தால் அவர்களை மட்டும் 'ஆவா' என்று வாள்வெட்டுக் குழுவின் பெயரால் கூப்பிடுவதும் ஒழுக்கம் ஆகாது. கூட இருந்த பிள்ளைகள் எல்லோரும் அன்று ஒரு பாடம் படிக்கிறார்கள்: யார் கள்ளன் என்பதைப் பார்த்தவுடனேயே சொல்லிவிடலாம் என்ற பாடம்.

எண்ணியவர்கள் கண்டது

அமெரிக்காவில் எந்தப் பிள்ளைக்கு என்ன தண்டனை கிடைக்கிறது என்ற விபரத்தை இன வாரியாகத் திரட்டும் வழக்கம் இருக்கிறது. பாடசாலைகளின் குடியியல் உரிமைத் தரவுகளை அந்நாட்டு அரசு 1968 முதல் சேகரித்து வருகிறது. அந்நாட்டு அரசின் கணக்காய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2013-14 கல்வியாண்டில் பொதுப் பாடசாலை மாணவர்களில் கறுப்பினத்தவர் 15.5 சதவீதம். பாடசாலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டவர்களிலோ அவர்கள் ஏறத்தாழ 39 சதவீதம். வறிய பகுதிப் பாடசாலை, வசதியான பகுதிப் பாடசாலை என்ற வேறுபாடு இல்லாமல் இந்த இடைவெளி தெரிந்தது. 2014இல் ஒபாமா அரசு இதைத் திருத்துவதற்கு வழிகாட்டல் வெளியிட்டது. 2018 முடிவில் டிரம்ப் அரசு அதை விலக்கிக்கொண்டது. அங்கேயும் சண்டை ஓயவில்லை. ஆனால் கையில் எண் இருப்பதால் சண்டை உண்மையைச் சுற்றி நடக்கிறது.

அந்த நாட்டு ஆய்வுகளில் ஒன்று எங்களுக்கு மிகவும் உதவும். ரஸல் ஸ்கிபா என்ற கல்வியாளரும் அவரது குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், எந்தக் குற்றச்சாட்டில் பிள்ளைகள் அலுவலகத்துக்கு அனுப்பப்படுகிறார்கள் என்று பார்த்தார்கள். வெள்ளைப் பிள்ளைகள் புகைத்தல், பொருளை உடைத்தல் போன்று கண்ணால் கண்டு உறுதிசெய்யக் கூடிய செயல்களுக்காக அதிகம் அனுப்பப்பட்டார்கள். கறுப்பினப் பிள்ளைகள் மரியாதைக் குறைவு, அதிக சத்தம் போன்று ஆசிரியரின் மதிப்பீட்டில் தங்கியிருக்கும் குற்றச்சாட்டுகளுக்காக அதிகம் அனுப்பப்பட்டார்கள்.

எங்கள் பாடசாலைகளில் இதற்குச் சமமான குற்றச்சாட்டுகளை எல்லோரும் அறிவோம்: 'எதிர்த்துக் கதைச்சவன்', 'திமிர்', 'பணிவில்லை', 'முறைச்சுப் பார்த்தவள்'. ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் கெட்டிக்காரன், இன்னொரு பிள்ளை அதே கேள்வியைக் கேட்டால் வாய்க்காரன். பணிவை எதிர்பார்க்கும் அளவே சாதிக்குச் சாதி வேறுபட்ட ஊரில், 'பணிவில்லை' என்ற குற்றச்சாட்டு எந்தப் பிள்ளையின் தலையில் விழும் என்று ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டையும் பார்க்கவேண்டும். 2023 ஓகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டப்பட்டாள். அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒருநபர்க் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கைக்கயிறுகளைத் தடைசெய்வது, வருகைப் பதிவேட்டில் சாதி விபரம் இல்லாமல் செய்வது, ஆசிரியர்கள் மாணவரின் சாதியைச் சுட்டிப் பேசுவதைத் தடுப்பது, பாடசாலைகளுக்கு நலன் அலுவலர்களை நியமிப்பது என்று கையில் எடுத்துச் செய்யக் கூடிய வேலைகளைச் சொன்னது. சாதியைக் கண்டும் காணாததுபோல் விட்டால் பாடசாலை எங்கே போய் முடியும் என்பதற்கு நாங்குநேரியை விடப் பெரிய எச்சரிக்கை வேண்டாம். எங்கள் பிள்ளைகளின் கையில் நிறக் கயிறு இல்லை என்று ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். இங்கே ஒழுங்கையின் பெயரே போதும்.

ஆசிரியர் பக்கம்

நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நெருக்கியடித்து இருக்கும் வகுப்பில் நிற்கும் ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. பல பாடசாலைகளில் ஆலோசனை வழிகாட்டலுக்கு நியமிக்கப்பட்ட ஆசிரியரே கணிதமும் படிப்பித்து, பதிலீட்டுப் பாடத்துக்கும் ஓடுகிறார். போரில் தகப்பனை இழந்த பிள்ளை, தாய் மத்திய கிழக்குக்குப் போய் அம்மம்மாவோடு வளரும் பிள்ளை, வீட்டில் குடியால் நித்திரை இல்லாத பிள்ளை எல்லோரும் அவர் முன்னே இருக்கிறார்கள். 'அடியாத மாடு படியாது' என்று கேட்டு வளர்ந்த தலைமுறையின் கையிலிருந்து கம்பை வாங்கும் அரசு, பதிலுக்கு என்ன கொடுக்கிறது என்று ஆசிரியர்கள் கேட்பது முற்றிலும் நியாயம்.

அதனால்தான் சொல்கிறேன், எழுதப்பட்ட நடைமுறை ஆசிரியருக்கும் பாதுகாப்பு. பெற்றோர் சண்டைக்கு வரும்போதும், அரசியல்வாதி தொலைபேசி எடுக்கும்போதும், பழைய மாணவர் சங்கத்துப் பிரமுகரின் மகன் பிழை செய்துவிட்டு நிற்கும்போதும், 'எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் விதி, இதோ எழுத்தில் இருக்கிறது' என்று ஒரு அதிபர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல அது உதவும்.

இந்தத் தவணையிலேயே செய்யக் கூடியவை

முதல் வேலைக்குச் செலவே இல்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் சம்பவத் திரட்டுப் புத்தகம் இருக்கிறது. அதோடு ஒரு பக்கப் படிவம் ஒன்று வேண்டும். வகுப்பை விட்டு வெளியே நிறுத்தியது, பெற்றோரை அழைத்தது, வீட்டுக்கு அனுப்பியது, விடுகைப் பத்திரம் கொடுத்தது ஆகிய நான்கையும் கட்டாயம் எழுதவேண்டும். திகதி, தரம், நடந்த செயல், எடுத்த முடிவு, பிள்ளை சொன்ன விளக்கம். நடந்த செயல் என்ற கட்டத்தில் 'திமிர்', 'பணிவில்லை' போன்ற சொற்களுக்கு இடமில்லை. பிள்ளை என்ன செய்தது, என்ன சொன்னது என்பதை எழுதவேண்டும். எழுதத் தொடங்கியவுடனேயே பல தண்டனைகள் தேவையற்றவை என்று ஆசிரியருக்கே தெரிந்துவிடும்.

பிள்ளையின் விளக்கத்துக்கு ஒரு கட்டம் வைப்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது கள்வனென்று பிடிபட்டவனுக்கும் பொருந்தும் விதி. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஏன் பொருந்தாமல் போகவேண்டும்? பிள்ளை தன் கையால் எழுதட்டும். எழுதச் சிரமப்பட்டால் அது நம்பும் ஆசிரியர் ஒருவர் எழுதட்டும்.

பாகுபாட்டை எப்படி அளப்பது என்பது சிக்கலான கேள்வி. படிவத்தில் சாதியைக் கேட்கவே கூடாது. எங்கள் குடிசன மதிப்பீடே சாதியைக் கேட்பதில்லை, பாடசாலை கேட்டால் புண்ணைக் கிளறியதாகத்தான் முடியும். ஆனால் பிள்ளையின் கிராம அலுவலர் பிரிவு, 'ஜே' இலக்கத்தோடு, ஏற்கெனவே பாடசாலையின் சேர்வுப் பதிவேட்டில் இருக்கிறது. பெற்றோரின் தொழிலும் இருக்கிறது. பெயரை விட்டுவிட்டு இந்த இரண்டையும் வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பினால் போதும். ஒரு பாடசாலைக்கு ஐம்பது ஊர்ப் பிரிவுகளிலிருந்து பிள்ளைகள் வர, விடுகைப் பத்திரம் மட்டும் இரண்டு பிரிவுகளுக்கே போய்க்கொண்டிருந்தால் கோட்டக் கல்விப் பணிப்பாளரின் கண்ணில் அது படாமல் போகாது. இந்தக் கணக்கைப் பாடசாலை செய்யக் கூடாது, பணிமனைதான் செய்யவேண்டும். வகுப்பறையில் அது இன்னொரு பட்டமாக மாறிவிடக் கூடாது.

பெற்றோரை அழைப்பதற்கு ஒரு ஒழுங்கு தேவை. மாலையிலோ சனிக்கிழமையிலோ ஒரு நேரம் ஒதுக்கட்டும், முதலில் தொலைபேசியில் பேசட்டும். எந்தத் தாயும் தகப்பனும் அதிபரின் அறையில் நின்றபடி பேசக் கூடாது. பெற்றோர் வரும்வரை பிள்ளையை வெளியே மறிப்பதை வலயக் கல்விப் பணிப்பாளர் எழுத்தில் தடைசெய்யவேண்டும்.

பதினாறு வயதுக்குக் குறைந்த எந்தப் பிள்ளைக்கும், வேறு பாடசாலையில் இடம் உறுதியான பிறகே விடுகைப் பத்திரம் கொடுக்கலாம் என்று விதி வைக்கவேண்டும். பெற்றோர் கேட்டதாகச் சொல்லப்பட்டால், கோட்டக் கல்விப் பணிமனையிலிருந்து ஒருவர் பெற்றோரை நேரில் சந்தித்துக் கேட்கட்டும்.

மலசலகூடம் கழுவுவதும் குப்பை அள்ளுவதும் தண்டனையாக இருப்பது இன்றே நிற்கவேண்டும். சிரமதானம் என்றால் வகுப்பு முழுவதும் செய்யட்டும், ஆசிரியரும் சேர்ந்து செய்யட்டும். சில சமூகங்களின் தலையில் கட்டப்பட்ட தொழிலையே பிள்ளைக்கு அவமானமாகக் கொடுக்கும் தண்டனையை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

கோப்பாயில் உள்ள ஆசிரியர் கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும், திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கல்வியியற்துறையும் நல்லூர்க் கோட்டத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. சம ஆசன வரலாறும் ஜீவாவின் அனுபவமும் இல்லாமல் யாழ்ப்பாணத்தில் ஒரு ஆசிரியர் பயிற்சி முடிந்து வெளியே வரக் கூடாது. அமெரிக்க வகுப்பறை பற்றிய கோட்பாட்டைப் படிப்பதோடு, சொந்த ஊரின் வகுப்பறையைப் பற்றியும் இரண்டு கிழமை படிக்கட்டும்.

பெற்றோருக்கும் வழிகள் இருக்கின்றன. பிள்ளைக்குத் துன்புறுத்தல் நடந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1929 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். சாதி, மொழி, மதம், பிறப்பிடம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாதென்கிறது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை. அது மீறப்பட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறையிடலாம். தனியே போகத் தயங்கும் தாயோடு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் ஒருவராவது துணைக்குப் போகவேண்டும். அந்தச் சங்கங்களின் நிர்வாகத்தில் எந்தெந்த ஒழுங்கைகளின் பெற்றோர் இருக்கிறார்கள் என்பதையும் அடுத்த பொதுக்கூட்டத்தில் கேட்கவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் அதிகாரிகளின் மனம் இரங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம். கடந்த மூன்று வருடங்களில் நல்லூர்க் கோட்டத்துப் பாடசாலைகளில் பதினாறு வயதுக்குக் குறைந்த எத்தனை பிள்ளைகளுக்கு விடுகைப் பத்திரம் வழங்கப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் வேறு பாடசாலையில் சேர்ந்தார்கள் என்ற இரண்டு கேள்விகள் போதும். பெயர்கள் வேண்டாம், மொத்த எண்ணிக்கை போதும். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதி வலயக் கல்விப் பணிமனையின் தகவல் அலுவலரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைத் தெரிவிக்கவேண்டும். தரவு இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு மாகாணக் கல்விப் பணிப்பாளரிடம் போய், மேலே சொன்ன ஒரு பக்கப் படிவத்தைக் கேளுங்கள்.